ஊதாத் துணிக்குள் வெண்டைக்காய்

சவேரியார்குடிக்காட்டில் மதலேனம்மாள் பேரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். சிரிப்பது வெண்டைக்காயை நினைத்து. கதை வாய்க்கு வாய் மாறி, இப்போது கோயில் கூரை தீப்பிடித்து எரிந்தது என்றும், பெண்கள் கூடி ஆபீசர் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் வந்து நிற்கிறது. கூரையும் எரியவில்லை, ஆபீசரும் நனையவில்லை. அவர் செருப்பு மட்டும் கொஞ்சம் நனைந்தது. அதற்குக் காரணம் பெண்கள் அல்ல, நாலு வயசு விண்ணரசி. நடந்ததை நடந்தபடி சொன்னாலே சிரிக்கலாம், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் ஏலாக்குறிச்சிக்கும் திருமழபாடிக்கும் நடுவில், வண்டிப்பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு மாதா கோயில், அதை ஒட்டி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் கடலைக் கொல்லை. சண்டைக் காலம். 1944 ஆரம்பத்தில் மதலேனம்மாளுக்குப் பத்தொன்பது வயசு. கன்னியர் மடத்தில் தங்கி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அண்ணன் சவரிராஜ் ஐந்தோடு நின்று ஏர் பிடித்ததால்தான் தங்கச்சி எட்டு வரைக்கும் போனாள் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. அவனுக்குக் கணக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். அதற்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகள் கேட்பார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. மற்ற நாட்களில் அண்ணன் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வாய்க்கால் திருப்புவாள்.

பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு தொல்லை. வருகிற பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கச்சியோ இல்லாமல் வரமாட்டார்கள். தாய் விடியும்போதே களையெடுக்கப் போய்விடுவாள். மூத்தவள் சின்னதைத் தூக்கிக்கொண்டு பாடம் படிக்க வருவாள். மூன்றாம் வகுப்புக் கலியம்மாள் இதில் முதல் ஆள். தம்பி அய்யம்பெருமாளுக்கு வயசு மூன்று முடிந்துவிட்டது, எடையிலும் அக்காவில் பாதி இருப்பான். ஆனாலும் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். அவனைச் சுமந்து சுமந்து அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பாள். சாய்ந்தபடியே பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிப்பாள்.

பெரிய வாத்தியார் செல்வநாதனுக்கு வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். வெளுத்த வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. ஒருநாள் கலியம்மாள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அய்யம்பெருமாள் கையை நீட்டி அவர் துண்டை உருவி அதில் மூக்கைச் சிந்திவிட்டான்.

"இடுப்புல புள்ளைய வச்சிக்கிட்டு வர்றவங்க இனிமே வரவேணாம்" என்றார் வாத்தியார்.

அதே வாரம் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடம்தோறும் காய்கறித் தோட்டம் போட வேண்டும். விவசாய ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். ஐந்தாம் வகுப்புப் பையன்களை மண்வெட்டி பிடிக்க விட்டால் பரீட்சை என்னாவது என்று வாத்தியார் யோசித்தார். அப்புறம் இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். தோட்டத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து, சின்னப் பிள்ளைகளை மதலேனம்மாளிடம் கொடுத்துவிட்டார். பங்குச்சாமியாரும் சரி என்றார்.

"கோயிலுக்குப் பின்னால கெடக்கிற துண்டு நெலத்த எடுத்துக்க" என்றார் வாத்தியார். "வைகாசி நடுவுல ஆபீசர் வருவாரு. அவரு பாக்கும்போது காய் இருந்தா இந்தப் படை இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஒரு கைப்புள்ளையும் கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது."

"அப்ப கலியம்மாளுங்க சார்?"

"அவ தனியா வரட்டும்."

"தனியா வர முடிஞ்சா அவ ஏங்க சார் அவனத் தூக்கிக்கிட்டுத் திரியப் போறா?"

வாத்தியார் துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மதலேனம்மாளுக்குக் கணக்குப் புரிந்தது. வைகாசியில் காய் இல்லையென்றால் அய்யம்பெருமாள் வீட்டில் இருப்பான். அவனைப் பார்த்துக்கொள்ளக் கலியம்மாளும் வீட்டில் இருப்பாள். அவளைப் போலவே இடுப்பில் பிள்ளை சுமக்கிற அத்தனை பெண் பிள்ளைகளும் அன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

அந்த நிலம் சுக்கான் கல் நிலம். மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகக் கல் வரும். கல் பொறுக்குவதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பொறுக்கிய கல்லையெல்லாம் ஓரத்தில் அடுக்கி ஒரு கோயில் கட்டினார்கள். அது இடிந்தால் மறுபடி கட்டக் கல் வேண்டும் என்று எடுத்த கல்லைப் பாத்தியிலேயே மறுபடி பதுக்கி வைத்தார்கள். சவரிராஜ் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, பாத்திகளை நூல் பிடித்த மாதிரி போட்டுக் கொடுத்தான். அரைநாள் வேலை. பிள்ளைகள் குச்சிகளைப் பிடுங்கி ராஜா விளையாட்டுக்கு வாளாக எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் நிலக்கடலைப் பருப்பை விதைக்கலாம் என்று ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். பாத்திக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாக் கையும் காலி, எல்லா வாயும் நிறைவு. அதனால் வெண்டை, சுரை, தண்டுக்கீரை என்று மாற்றினாள். வெண்டை விதையையும் சிலர் மென்று பார்த்தார்கள். சவரிராஜ் யோசித்து, விதைகளைச் சாணிப்பாலில் புரட்டிக் காயவைத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் யாரும் மெல்லவில்லை. விதைக்கும் அது நல்லதுதான்.

தண்ணீர் சுமக்க ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி. கிணற்றடித் தொட்டியிலிருந்து பாத்திக்கு வருவதற்குள் பாதி சிந்தும், பாதி சண்டையில் போகும். விண்ணரசியின் கொட்டாங்கச்சியில் ஓட்டை. அவள் யாரிடமும் முறையிடவில்லை. தொட்டியில் குனிந்து வாய் நிறைய மொண்டுகொண்டு, கன்னம் இரண்டும் புடைக்க நடந்து வந்து, தன் பாத்தியில் உமிழ்வாள். ஒரு சொட்டுச் சிந்தாது. காலை முழுக்க இப்படியே நடப்பதால் அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்த ஒரே பிள்ளையும் அவள்தான். வாத்தியார்கூட ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தப் புள்ள மட்டும் ஒழுங்கு" என்றார்.

விதைக்கிற அன்றைக்கு மதலேனம்மாள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசினாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஞானோபதேசம் சொல்லிப் பழகிய வாய்.

"நம்ம ஆண்டவரு மாதிரிதான் இந்த வெதையும். குழியில போட்டு மூடுவாங்க. போச்சின்னு நெனைப்பாங்க. ஆனா உசுரோட எழுந்து வரும்" என்றாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அவர்கள் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை என்று அவளுக்கே பெருமை.

மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தபோது பாத்தியெல்லாம் எலி வளை மாதிரி இருந்தது. பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு விதை.

"டீச்சரம்மா, இன்னிக்கி மூணாம் நாளு" என்றாள் மலர்கொடி. நாலரை வயசு, கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. "இது எந்திரிக்கவே இல்ல."

"என்னுது எந்திரிக்குது, வால் வந்திருக்கு" என்றான் பக்கத்தில் இருந்த தங்கசாமி. அவன் விதையில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அது வளைந்திருந்ததால் நிமிர்த்திவிட்டிருந்தான்.

"வால நிமித்துனியாடா?"

"கூனா இருந்திச்சி."

ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்; அது தப்பு என்று மதலேனம்மாளால் சொல்ல முடியாது. சொன்னால் பங்குச்சாமியாரிடம் யார் பதில் சொல்வது? வெண்டைக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று விளக்கிப் பார்த்தாள். ஏழு நாள் ஆகும் என்றாள். மறுபடி விதைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்றுக்கு மேல் எண்ணத் தெரிந்த பிள்ளை கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மறுபடியும் தோண்டினார்கள். அய்யம்பெருமாளின் வரிசையை மட்டும் யாரும் தோண்டவில்லை, ஏனென்றால் அவன் அதன்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் படுத்திருந்ததால் அங்கேயும் எதுவும் முளைக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டது. நடுப்பகல் மணி அடித்ததும் வாத்தியார் சுவருக்கு மேலே தலையைக் காட்டுவார்.

"என்னம்மா, உற்பத்தி எப்படி இருக்கு?"

"மண்ணுக்குள்ள இருக்குங்க சார்."

"வைகாசிக்குள்ள வெளிய வருமா?"

"முள்ளு வெட்டிப் போட்டுடறேன், கையே வைக்கமாட்டாங்க" என்றான் சவரிராஜ் அன்று சாயங்காலம். செருப்பில்லாத அந்தச் சின்னச் சின்னப் பாதங்களை நினைத்து அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த வருஷத் தவசுகாலம் அவளுக்கு வழிகாட்டியது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயிலில் இருக்கிற சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். மாதாவும் தெரியமாட்டாள், அந்தோணியாரும் தெரியமாட்டார். பாஸ்குப் பூசையில் மணி அடிக்கும்போதுதான் துணி இறங்கும். பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய பயமும் ஆசையும். மூடின துணிக்குள்ளே எட்டிப் பார்த்தால் கண் பூத்துவிடும் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கோயிலுக்கே வராத அய்யம்பெருமாளுக்கும் அந்தச் சட்டம் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூடின அந்தோணியாரை அவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்து போவதைப் பார்த்த மதலேனம்மாள், பூசை முடிந்ததும் நேராகக் கோயில்பிள்ளை சவரியாரிடம் போனாள். மணி அடிப்பதும் விளக்கேற்றுவதும் சுரூபம் மூடுவதும் அவர் வேலை. உறவில் அவளுக்கு மாமா.

"மாமா, பழைய ஊதாத் துணி கிழிஞ்சது இருக்குமா?"

"எதுக்கும்மா?"

"வெண்டைக்கி."

"வெண்டை என்ன சுரூபமா?"

"பாஸ்கு வரைக்கும் சுரூபம்தான் மாமா."

"சாமியாருக்குத் தெரிஞ்சா என்னய மணிக்கயித்தத் தொட வுடமாட்டாரு."

"எலி கடிச்சதத்தானே கேக்கிறேன். உங்ககிட்ட இருந்தா எலிக்கு, எங்கிட்ட இருந்தா புள்ளைங்களுக்கு."

சவரியார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. மறுநாள் மூன்றாம் முறையாக விதைத்தார்கள். பாத்திமேல் மெல்லிசாக வைக்கோல் பரப்பி, சுற்றிலும் குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு ஊதாக் கிழிசலைக் கட்டினாள் மதலேனம்மாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளைகள் துணியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். அய்யம்பெருமாள் எழுந்து போய்ப் புங்க மரத்தடியில் படுத்துக்கொண்டான். விண்ணரசி மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, குச்சியைத் தடவிப் பார்த்து, வாயிலிருந்த தண்ணீரை எட்ட நின்று தூவினாள்.

விதை முளைத்தது. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மதலேனம்மாளே வைக்கோலை விலக்கிவிட்டாள். பாஸ்கு திங்கட்கிழமை குச்சியிலிருந்து துணியை அவிழ்த்தபோது நாலு இலை விட்டு வரிசை வரிசையாகச் செடிகள் நின்றன. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். வாத்தியார் சுவருக்கு மேலே தலையைக் காட்டினார், ஒன்றும் கேட்காமல் தலையை இறக்கிக்கொண்டார்.

கோடையில் பெரிய பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விடவில்லை. தாய்மாருக்கு விடுமுறை இல்லையே. செடி வளர்ந்து பூத்து வெண்டைப் பிஞ்சும் வந்தது. அப்போது அடுத்த தொல்லை. பிஞ்சு வெண்டையைப் பச்சையாகத் தின்னலாம் என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மலர்கொடி முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்ட கொழகொழப்போடு, "நான் திங்கல" என்றாள். ஆபீசர் வர இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. மதலேனம்மாள் ஊதாத் துணியை மறுபடி வெளியே எடுத்தாள்.

"பெரிய ஆபீசரு வரப்போறாரு. அதுவரைக்கும் மூடி வைப்போம். யாரும் தொடக்கூடாது. அவரு வந்ததும் தொறப்போம்."

"மணி அடிக்குமா?" என்றாள் மலர்கொடி.

"அடிக்கும்" என்றாள் மதலேனம்மாள், யோசிக்காமல்.

இந்தத் தடவை குச்சியில் கட்டினால் போதாது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். காயைத்தானே மூட வேண்டும்? ஊதாத் துணி பற்றவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வீட்டிலிருந்து துணி வர ஆரம்பித்தது. துணிக்குக் கடும் பஞ்சமான காலம் அது. சேலைக் கிழிசல் வந்தது, தொட்டில் துணி வந்தது, ஒரு தாத்தாவின் கோவணம் வந்தது. எது எங்கிருந்து வந்தது என்று மதலேனம்மாள் விசாரிப்பதற்குள் தோட்டம் முழுக்கச் செடிகள் துணி கட்டிய உருவங்களாக நின்றன.

ஆபீசர் சொன்ன நாளில் வரவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு மாட்டி ஓட்டுகிற பஸ்தான் அப்போது. அது அரியலூரை விட்டுக் கிளம்பினால் கிளம்பியது, நின்றால் நின்றது. நாளைக்கு வருவார் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். துணிக்குள்ளே வெண்டைக்காய் காத்திருக்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. முற்றிவிடுமே, கொஞ்சம் பறித்துவிடலாம் என்று ஒருநாள் மதலேனம்மாள் ஒரு முடிச்சை அவிழ்க்கப் போனாள். பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். "டீச்சரம்மாவுக்குக் கண்ணு பூத்துடும்" என்று தங்கசாமி அழவே ஆரம்பித்துவிட்டான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு மத்தியானம், ஆபீசர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி. பஸ் அடுப்பை ஊதிவிட்ட புகையில் தொப்பிக்குக் கீழே முகம் முழுக்கக் கரி. திருமானூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். வாத்தியார் எதிர்கொண்டு அழைத்து வந்தார். பங்குச்சாமியார் அன்று வேறு ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார்.

"தோட்டம் எங்க?"

"இதுதாங்க சார்."

"இது துணி காயப் போட்டிருக்கிற மாதிரி இருக்கு."

"மதலேனம்மா, துணிய எடு" என்றார் வாத்தியார்.

அவள் குனிந்தாள்.

"மணி அடிக்கல டீச்சரம்மா" என்றாள் மலர்கொடி.

மதலேனம்மாளின் கை அப்படியே நின்றது. வாத்தியார் தானே ஒரு துணியை இழுக்கப் போனார். இருபது தொண்டையும் ஒன்றாகத் திறந்துகொண்டன. தூங்கிக்கொண்டிருந்த அய்யம்பெருமாள் எழுந்தான், ஓடி வந்தான், தன் செடியை வேரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அந்தச் சத்தத்தில் வகுப்பிலிருந்த பெரிய பிள்ளைகளெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"நான் மூணரைக்குத் திரும்பணும், பஸ்ஸு நிக்காது" என்றார் ஆபீசர். "காய் இருக்கா இல்லையா?"

"இல்லன்னு எழுதிக்குங்க சார், இந்தக் கூட்டத்த வச்சிக்கிட்டு..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கலியம்மாள் நிற்பதை மதலேனம்மாள் பார்த்தாள். இடுப்பில் யாரும் இல்லாமல் அவள் நேராக நின்றாள். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மதலேனம்மாள் கோயிலுக்கு ஓடினாள். சவரியார் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் தலை சாய்த்திருந்தார்.

"மாமா, பாஸ்கு மணி அடிங்க."

"பாஸ்கு போயி ரெண்டு மாசமாச்சே?"

"இன்னொண்ணு வந்திருக்குன்னு வச்சிக்குங்க."

அவர் எழுந்து துண்டை உதறுவதற்குள் அவளே கயிற்றைப் பிடித்துவிட்டாள். மணி அடித்துப் பழக்கமில்லாதவள். முதல் இழுப்பில் மணி பேசவில்லை; இரண்டாவது இழுப்பில் பேச ஆரம்பித்தது நிற்கவேயில்லை. கயிறு அவளைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கித் தூக்கி இறக்கியது.

தோட்டத்தில் பிள்ளைகள் ஒரே பாய்ச்சலாகத் துணிகளை உருவினார்கள். வெயில் காலத்தில், நேரமில்லாத நேரத்தில், நிற்காமல் மணி அடித்தால் ஊருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ கூரை பற்றிக்கொண்டது. கொல்லைகளில் களைக்கொட்டுகள் அப்படியே விழுந்தன. பெண்கள் எதிர்ப்பட்ட கிணற்றில் குடத்தை முக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் கலியம்மாளின் தாய் அம்மாக்கண்ணு. இடுப்பில் குடம் வழிய வழிய, மூச்சு வாங்க, கோயிலைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள், கரி பூசிய முகத்தோடு நிற்கிற ஆபீசரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கலியம்மாள் ஜன்னலை விட்டுப் பாய்ந்து வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, பேசாத. ஊத்து."

"எங்கடி ஊத்தறது?"

"செடிக்கு. பேசாம ஊத்து."

மகள் இப்படிச் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். ஊற்றினாள். பின்னால் வந்தவள் முன்னால் ஊற்றியவளைப் பார்த்து ஊற்றினாள். குடம் குடமாக வந்து, வரிசையாக நின்று, பாத்தி பாத்தியாக ஊற்றினார்கள். ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மணி அடிச்சா ஊரே தண்ணி ஊத்த வருதா?" என்றார்.

வாத்தியாருக்கு வாயில் வந்தது ஒன்று, சொன்னது இன்னொன்று. "ஆமாங்க சார்."

"நானும் எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன்" என்ற ஆபீசர், அங்கேயே கல் கோயில்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு தாய்மார்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். சண்டையில் ஜெயிப்பது பீரங்கியால் இல்லை, கீரையால் என்றார். பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு வெண்டைக்காயைப் பிடித்து நுனியை வளைத்தார். ஒடியவில்லை. இன்னொன்று. அதுவும் வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"எல்லாம் முத்தல்" என்றார். "இது ஆகாரத்துக்கு ஆவாதே."

"நான் அப்பவே சொன்னேங்க சார்" என்றார் வாத்தியார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மதலேனம்மாளின் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது. "நீங்க வர்றேன்னு சொன்ன அன்னிக்கிப் பிஞ்சாத்தாங்க சார் இருந்திச்சி" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். ஆபீசர் அவளைப் பார்த்தார், கரி முகத்தில் பல் தெரிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் செடியிலயே காய வுட்டா வெதைக்கி ஆவுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

விதை என்றதும் ஆபீசர் நிமிர்ந்தார். பள்ளிக்கூடம்தோறும் தோட்டம் போடச் சொல்லிவிட்டுக் கொடுக்க விதையில்லாமல் அவர் ஆபீசில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த சமயம். "எனக்கு வேணும்" என்றார். "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. வர்ற மாசியில தாசில்தாரக் கூட்டியாறேன். இதே பிள்ளைங்க, இதே எடம். ஒரு ஆளையும் மாத்தக்கூடாது, வாத்தியாரே."

"மாத்துவேனாங்க சார்" என்றார் வாத்தியார்.

ஆபீசர் போகிற வழியில் விண்ணரசி நின்றாள். அவளுடைய சுரைக்காய்தான் தோட்டத்திலேயே பெரியது. பருவமும் சரியாக இருந்தது. அவர் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"உன் பேரு என்ன பாப்பா?"

அவள் பதில் சொல்லவில்லை. கன்னம் புடைத்திருந்தது.

"பேச வராதா?" என்று மதலேனம்மாளிடம் கேட்டார். விண்ணரசி சுரைக்கொடியின் வேரைப் பார்த்து வாயைத் திறந்தாள். கொஞ்சம் வேருக்குப் போனது, மீதி ஆபீசரின் செருப்புக்குப் போனது. "விண்ணரசி" என்றாள். "அது என்னுது. தட்டாதீங்க."

விதைக்குக் காய வேண்டும் என்றால் மறுபடி மூட வேண்டும். பிள்ளைகள் சொல்லாமலே மூட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மூலை வெண்டைச் செடியைச் சுற்றிக் கட்டிய துணியை வாத்தியார் உற்றுப் பார்த்தார். ஓரத்தில் நீலக் கரை. போன வாரம் முழுக்க அவர் தேடிக்கொண்டிருந்த துண்டு. கட்டிக்கொண்டிருந்தவன் அய்யம்பெருமாள். வாத்தியார் கை நீட்டினார். அய்யம்பெருமாள் அவரை ஏறிட்டுப் பார்த்து, "கண்ணு பூத்துடும்" என்றான்.

"இருக்கட்டும் வாத்தியாரே, வெதை முக்கியம்" என்றார் ஆபீசர்.

அன்று சாயங்காலம் சுரைக்காயும் தண்டுக்கீரையும் ஒரே பானையில் வெந்தன. குடம் கொண்டு வந்த பெண்கள் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். "தீ எங்கன்னு இன்னமும் எனக்கு வெளங்கல" என்றாள் அம்மாக்கண்ணு. "இந்தா இந்த அடுப்புலதான்" என்றான் சவரிராஜ். அடுப்பு ஊதியது அவன்.

திங்கட்கிழமை காலையில் கலியம்மாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பழக்கத்தில் நின்றாள். வாத்தியார், தோளில் துண்டில்லாமல், வாசலில் இருந்தார். ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டார்.

"அவன எறக்கி வுடு. தோட்டத்துல வேல இருக்கு அவனுக்கு" என்றார்.

அய்யம்பெருமாள் தானாகவே இறங்கினான். அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். துண்டு கட்டிய வெண்டைச் செடியின் நிழலில் போய்ப் படுத்து, மதலேனம்மாள் வருவதற்குள் தூங்கிவிட்டான்.